என் சிவப்புச் சங்கிலி

தங்கம் என்றால் சிவப்பாக இருக்க வேண்டும் என்று ஒன்பது வயதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் இருந்தது. மஞ்சளாக இருப்பதெல்லாம் தங்கமாகப் பார்த்துப் பாதி வழியில் நின்றுபோனது என்று நினைத்தேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பீபியைப் பார்த்துப் பார்த்து நானே கண்டுபிடித்த ஞானம் அது.

பீபி மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழர் வழி. நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், மாரியம்மன் கோவிலில் எங்களோடுதான் நிற்பார், வாயைத் திறந்தால் மட்டும் மலாய் வரும். கெபாயாச் சட்டையின் முன்பக்கத்தில் பொத்தானுக்குப் பதிலாக மூன்று ஊசிகள் குத்தியிருப்பார். மூன்றும் சிவப்புத் தங்கம். வெயிலில் துணி காயப்போடும்போது அவை மின்னுவதைப் பார்க்க நான் வேலிக்கு இந்தப் பக்கம் வேலை இல்லாமலே நிற்பேன். பீபி அதைக் கவனித்துவிட்டு ஒரு நாள் ஊசியைத் தொட்டுக் காட்டி, "மாஸ் மேரா, இத்து பாரு மாஸ்" என்றார். சிவப்புத் தங்கம், அதுதான் தங்கம். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு சங்கிலிகள் இருந்தன. அக்கா பிறந்தபோது அப்பா வாங்கியது ஒன்று. எட்டு வருஷம் கழித்து நான் பிறந்தபோது வாங்கியது ஒன்று. இரண்டும் ஒரே நீளம், ஒரே மாதிரிக் கண்ணி, ஒரே மாதிரிக் கொக்கி. இரண்டாவதும் பெண்ணாகப் போயிற்றே என்று குறை வைத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அப்பா பார்த்துச் செய்தது. நிறம் மட்டும் வேறு. அக்காவுடையது வெறும் மஞ்சள். என்னுடையது சிவப்பு, பீபியின் ஊசிகளுக்குத் தங்கை மாதிரி.

அக்காவைவிட எனக்கு உசத்தியாக இருந்த ஒரே பொருள் அந்தச் சங்கிலிதான். மற்றதெல்லாம் அவளுக்குப் போய்விட்டது. முழங்கால் வரை முடி அவளுக்கு, எனக்கு எலிவால். மாநிறத்தில் களையான முகம் அவளுக்கு, எனக்கு அப்பாவின் மூக்கு. அம்மா கூப்பிடும்போதே தெரியும். அவளைக் கூப்பிட்டால் குரல் குழையும், என்னைக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

ஜப்பான்காரன் வந்த பிறகு இந்தச் செல்லம் அளவு மீறிப் போனது. அப்போது அக்காவுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. நீ வாசலுக்குப் போகாதே, கிணற்றடிக்குப் போகாதே, அரிசி வரிசையில் நிற்காதே என்று அவளை உள்ளேயே வைத்துத் தாங்கினார்கள். அத்தனையும் என் தலையில் விழுந்தது. வெயிலில் வரிசையில் நின்று, கல்லும் சுண்ணாம்புத் தூளும் கலந்த அரிசியை ஒரு சிரட்டை வாங்கிக்கொண்டு வருவேன். அக்கா நிழலில் உட்கார்ந்து அதில் கல் பொறுக்குவாள். ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால் அவளைப் பரணில் ஏற்றி, கூடவே அவித்த மரவள்ளிக் கிழங்கும் தண்ணீரும் கொடுத்து, ஏணியை எடுத்துவிடுவார்கள். நான் அம்மா அப்பாவோடு வாசலில் நின்று இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். சரியாக வளையாவிட்டால் ஜப்பான்காரன் அறைவான். எனக்கும் ஒரு நாள் பரணில் ஏறிக் கிழங்கு தின்ன வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். முதுகில் ஒன்று கிடைத்தது.

அக்காவின் முடியை அப்பா கழுத்தோடு வெட்டிவிட்டார். வெட்டிய முடியை அம்மா எறியாமல் ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்தாள். தினமும் காலையில் சட்டியின் அடியில் இருக்கும் கரியை எடுத்து அக்காவின் முகத்தில் தடவிவிடுவாள். எனக்கு இதிலும் பொறாமைதான். அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு அம்மா எவ்வளவு நேரம் தடவுகிறாள் பாருங்கள். எனக்குத் தலை வாரிவிடக் கூட அவளுக்கு நேரமில்லை.

அடுத்த வருஷமே அக்காவுக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்று அப்பாவுக்கு. கல்யாணம் ஆனவனைச் சயாமுக்கு ரயில் போடப் பிடிக்க மாட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததால் மாப்பிள்ளை வீட்டிலும் அவசரப்பட்டார்கள். மாப்பிள்ளைக்குக் குருபோங் பக்கம். வீட்டைச் சுற்றிக் கிழங்கும் கீரையும் போட்டிருந்தார்கள், ஆடு இருந்தது, கிணறு வற்றாது. "சோத்துக்கு இல்லன்னாலும் கெழங்குக்குப் பஞ்சமில்ல" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் வீட்டில் அப்போது கிழங்குக்கும் பஞ்சம் வரத் தொடங்கியிருந்தது. ரப்பர்க் கிடங்கில் எடை பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கிழங்கு நட வரவில்லை. அவர் வைத்ததில் பாதி அழுகிப்போனது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா கோழிக்கூட்டுக்கு அடியில் தோண்டி பிஸ்கட் டின்னை எடுத்தார். அம்மாவின் நகைகள் முன்பே ஒவ்வொன்றாகப் போயிருந்தன. மிச்சம் இருந்தது அம்மாவின் ஒரு மோதிரமும், எங்கள் இரண்டு சங்கிலிகளும். மோதிரத்தை உருக்கித் தாலி செய்யப் பத்தரை வரச் சொல்லியிருந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு, சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை செய்கிற மனிதர் அவர். வெற்றிலை கிடைக்காததால் கொய்யா இலையை மென்றுகொண்டிருப்பார்.

அம்மா ஒரு தட்டில் இரண்டு சங்கிலிகளையும் வைத்தாள். "அவங்கவங்க பொறந்தப்ப வாங்குனது அவங்கவங்களுக்கு. மஞ்ச ஒனக்கு. செவப்பு சின்னவளுக்கு."

நான் கை நீட்டினேன். அதற்குள் அக்கா சொன்னாள், "எனக்குச் செவப்புதான் வேணும்மா."

அக்கா அதுவரை எதுவும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்காமலே கிடைத்துவிடும் என்பதால்தான் கேட்பதில்லை என்பது என் எண்ணம். இப்போது கேட்டாள், அதுவும் என்னுடையதை. எங்கள் வீட்டில் கல்யாணப் பெண் வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம். அது தெரிந்துதான் கேட்கிறாள் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

அம்மா முகம் மாறிவிட்டது. "ஒனக்கு என்ன தெரியும் அதுல. பத்தரே, இவளுக்குக் கொஞ்சம் ஒரசிக் காட்டுங்க."

பத்தர் பையிலிருந்து கறுப்பாக ஒரு உரைகல்லை எடுத்தார். என் சங்கிலியை ஒரு முறை இழுத்தார், அக்காவுடையதை ஒரு முறை இழுத்தார். கல்லில் இரண்டு கோடுகள். என்னுடையதுதான் பளிச்சென்று இருந்தது. நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். பிறகு அவர் சிறிய கண்ணாடிக் குப்பியைத் திறந்து, "இருக்கறதே இவ்வளவுதான், ஒங்களுக்காகத் தொறக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு குச்சியால் திராவகத்தைத் தொட்டு இரண்டு கோடுகளின் மேலும் வைத்தார். என் கோடு பச்சையாக நுரைத்து, மெலிந்து, பாதி காணாமல் போனது. அக்காவின் மஞ்சள் கோடு போட்டது போட்டபடி கிடந்தது.

"செம்பு கூடுனா தங்கம் செவக்கும், வெள்ளி கூடுனா வெளுக்கும்" என்றார் பத்தர். "இங்க இருக்கற மலாய்க்காரங்களுக்கும் செட்டி வீட்டுக்காரங்களுக்கும் செவப்புதான் புடிக்கும். கொஞ்சம் செம்பு சேத்து, நெறம் ஏத்தியும் வாங்குவாங்க. தப்பில்ல, அழகுக்குப் போடறது. மஞ்சளா இருக்கறதெல்லாம் ஒசத்தின்னும் நெனச்சுடாதீங்க, அதுலயும் ஏமாத்துவாங்க. கல்லுதான் சொல்லணும். இந்த மஞ்ச ஒம்போதரை மாத்து நிக்கும். இந்தச் செவப்பு ஏழுக்கு மேல போவாது. கண்ணுக்கு ஒண்ணு, அவசரத்துக்கு ஒண்ணு."

"சின்னவ பொறந்தப்ப ரப்பர் வெல விழுந்து கெடந்த நேரம்" என்றாள் அம்மா. அப்பா தட்டைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார்.

"கேட்டியா?" என்று அம்மா அக்காவிடம் கேட்டாள். "போற எடத்துல கழுத்தப் பாப்பாங்க. மாமியா ஒரசிப் பாத்தா என்ன சொல்லுவா?"

"எனக்கு நெறந்தாம்மா முக்கியம்" என்றாள் அக்கா. "அது இங்க இருக்கட்டும்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் சங்கிலி பறிபோனதற்காக அம்மா அழுகிறாள் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நானும் அழுதேன். பத்தர் என் பக்கம் திரும்பி, "அழுவாத பாப்பா, ஒனக்குத்தான் நல்லது கெடச்சிருக்கு" என்றார். பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் எந்தக் குரலில் பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா. கிழங்கை ரொட்டி என்று சொல்வதும் இதே குரலில்தான். என் கோட்டில் மட்டும் அந்த ஆள் திராவகத்தை அதிகமாக வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்படித்தான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அக்காவிடம் போய், யாருக்கும் கேட்காமல், "திருடி" என்று சொன்னேன். அவள் சிரித்தாள். ஜெயித்தவள் சிரிக்கத்தானே செய்வாள்.

அந்த வாரம் முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அவள் பேச வந்தால் எழுந்து போய்விடுவேன். தின்ன வந்த கிழங்கில் எனக்குப் பாதியை ஒதுக்கி வைத்தாள். தின்றேன், ஆனால் பேசவில்லை.

கல்யாண நாள் வந்தது. மேளம் வேண்டாம், சத்தம் வேண்டாம், கோவிலில் தாலி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஏற்பாடு. காலையில் அம்மா அக்காவின் முகத்தை அரிசி கழுவிய தண்ணீரால் கழுவினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அக்காவின் முகம் கரி இல்லாமல் இருந்தது. வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்த முடியைச் சவுரியாகக் கட்டி, அவள் முடியையே அவளுக்குத் திரும்ப வைத்துப் பின்னினாள். அம்மாவின் கூறைப்புடவை. கழுத்தில் என் சங்கிலி. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பீபி வந்து இரண்டு கையாலும் அவள் முகத்தைத் தடவி, சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்து, தலையை ஆட்டினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அன்று ஒரு நாளைக்கு என்று அம்மா என் கழுத்திலும் மஞ்சள் சங்கிலியைப் போட்டிருந்தாள். அதைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன்.

அங்கே அத்தை, அப்பாவின் தங்கை, ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தாள். சொம்புத் தண்ணீரில் மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்கினாள். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. பிறகு சுண்டுவிரல் நுனியில் சுண்ணாம்பை எடுத்து அதில் கரைத்தாள். கண்ணெதிரே அந்த மஞ்சள் சிவந்தது. சிவந்தது என்றால் சாதாரணமாக இல்லை, அசல் பீபியின் ஊசி நிறம்.

அதுவரை எத்தனையோ ஆரத்தி பார்த்திருக்கிறேன். அன்றுதான் அதன் பொருள் எனக்குப் புரிந்தது. மஞ்சளைச் சிவப்பாக்கச் செம்பும் வேண்டாம், பத்தரும் வேண்டாம். கொஞ்சம் சுண்ணாம்பு போதும். இந்த எளிய சங்கதியை மறைத்து வைத்துக்கொண்டுதான் பத்தர் பிழைப்பு நடத்துகிறார். அத்தை சொம்பை மூலையில் வைத்துவிட்டு வெளியே போனதும், என் சங்கிலியைக் கழற்றி அதற்குள் போட்டேன். எல்லாரும் கோவிலுக்குப் போய் வருவதற்குள் நன்றாக ஊறிவிடும். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து சாப்பிடும்போது நானும் சிவப்புச் சங்கிலியோடு வந்து நிற்பேன். அக்காவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

கோவிலில் நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. மனம் முழுக்கச் சொம்பில் இருந்தது. திரும்பி வந்ததும் நான் நேராக அடுப்பங்கரைக்கு ஓடியிருப்பேன். அம்மா வழியில் பிடித்து, "இங்கயே நில்லு, குறுக்க போவாத" என்று ரோட்டோரம் ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்திவிட்டாள். அங்கேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அக்காவும் மாப்பிள்ளையும் வாசற்படியில் நிற்க, அத்தை தாம்பாளத்தில் சிவப்புத் தண்ணீரோடு வந்தாள். நடுவில் ஒரு இலையும் திரியும் இருந்தன. சுற்றினாள், இரண்டு பேர் நெற்றியிலும் தொட்டு வைத்தாள். அப்படியே ரோட்டுக்கு நடந்து போய் ஓரத்தில் ஊற்றினாள். சொம்பில் இருந்த தண்ணீர்தான் தாம்பாளத்துக்கு வந்திருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. சொம்பு வேறு, தாம்பாளம் வேறு என்று இருந்துவிட்டேன்.

அத்தை இன்னும் திரும்பியிருக்கவில்லை, அதற்குள் டவுன் பக்கமிருந்து சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. இரண்டு ஜப்பான்காரர்கள். "பொண்ண உள்ள கூட்டிப் போ" என்று அப்பா பல்லுக்கிடையில் சொன்னார். பெண்கள் எல்லோரும் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் வளையத் தயாரானோம்.

அக்கா உள்ளே போகவில்லை. படியை விட்டு இறங்கி, எல்லோரையும் விலக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். கரி இல்லாத முகத்தோடு, கூறைப்புடவையோடு, கழுத்தில் என் சிவப்புச் சங்கிலி மின்ன, ஆரத்தித் தண்ணீர் கொட்டிக் கிடந்த இடத்திலேயே வந்து நின்று இடுப்பை வளைத்தாள்.

சைக்கிள்கள் நின்றன. ஒருவன் இறங்கி வந்தான். மண்ணில் சிவப்பாக ஓடியிருந்த தண்ணீரைப் பார்த்தான். ரத்தம் என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. துப்பாக்கியின் கட்டையால் அந்த ஈரத்தைத் தட்டி, அப்பாவைப் பார்த்து ஏதோ கத்தினான். அப்பா வளைந்தபடியே, "கஹ்வின், துவான், கஹ்வின்" என்றார். கல்யாணம், துரை, கல்யாணம் என்று மலாயில் சொன்னால் புரியும் என்று நம்பிக்கை. அவன் அக்காவுக்கு நேராக வந்து நின்றான். அவள் தலையை நிமிர்த்தும்படி சைகை செய்தான். நிமிர்ந்தாள். முகத்தைப் பார்த்தான், சங்கிலியைப் பார்த்தான், கீழே பாதம் வரை பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். மாப்பிள்ளை படியில் கல்லாக நின்றார். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. நகம் பதிந்து வலித்தது. மரத்தில் காக்கை கத்தியது.

என் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊர் பார்த்தது போதாதா, ஜப்பான்காரனும் பார்க்க வேண்டுமா என்று நினைத்தேன். என் சங்கிலியைப் போட்டுக்கொண்டு அவனிடமும் போய்க் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அவன் இன்னொருவனிடம் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள்.

அவர்கள் வளைவில் திரும்பி மறையும்வரை அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அம்மா ஓடிப்போய் அவள் முதுகில் ஓங்கி அடித்தாள். புதுப்பெண்ணை அடித்தாள். "ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எதுக்குடி வந்த, எதுக்குடி வந்த?" என்று கேட்டுக்கொண்டே அடித்தாள். "கால்ல முள்ளும்மா" என்று சொல்லிவிட்டு அக்கா குனிந்தாள். புடவைக் கொசுவம் விரிந்து காலை மறைத்தது. கொஞ்ச நேரம் குனிந்தபடி இருந்துவிட்டு, கையை மூடிக்கொண்டு எழுந்தாள். முள் குத்தியவள் ஓடி வரும்போது அழகாகத்தானே ஓடி வந்தாள் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

கூட்டம் உள்ளே போனதும் நான் அடுப்பங்கரைக்கு ஓடினேன். சொம்பு காலி. உலகம் நின்றுவிட்டது. அடுப்புச் சாம்பலைக் கிளறினேன், விறகுக்குப் பின்னால் பார்த்தேன். யாரிடமும் சொல்ல முடியாது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், கிழங்கும் ஒரு கரண்டி பாயசமும். எனக்குப் பாயசம்கூட இறங்கவில்லை.

மாட்டுவண்டி வந்து நின்றபோது அக்கா என்னைத் தேடிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் சட்டைக் கழுத்தை விலக்கிச் சங்கிலியைப் போட்டுக் கொக்கியை மாட்டினாள். சங்கிலி ஈரமாக இருந்தது. நன்றாகக் கழுவியிருந்தாள்.

"நல்லா செவந்திருக்கு பாரு" என்று காதில் சொன்னாள்.

தூக்கிப் பார்த்தேன். பழைய மஞ்சளாகவே இருந்தது. ஒரு துளி சிவப்பு இல்லை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சொம்பில் ஊறிக்கொண்டிருந்ததை இவள் எடுத்திருக்கிறாள், ஏறியிருந்த சிவப்பையெல்லாம் வேண்டுமென்றே கழுவிவிட்டிருக்கிறாள். தனக்கு மட்டும் இருக்க வேண்டும் என்று. "எல்லாத்தையும் கழுவிட்ட நீ. போ" என்றேன். அக்கா புகுந்த வீட்டுக்குப் போன அன்று நான் அவளிடம் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

அந்த மஞ்சள் சங்கிலி என் கழுத்தில் நெடுநாள் இருக்கவில்லை. ஜப்பான் காலத்தின் கடைசி வருஷம் எங்கள் கொல்லையில் ஒன்றும் விளையவில்லை. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை வியாபாரிகள் தொட மறுத்தார்கள். அம்மா அந்தச் சங்கிலியை நாலு கண்ணி, ஐந்து கண்ணியாக வெட்டி எடுத்துக்கொண்டு போவாள். கல்லில் உரசிப் பார்த்தவர் யாரும் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. அரிசி வந்தது, எண்ணெய் வந்தது. அப்பா மலேரியாவில் கிடந்தபோது கொய்னா மாத்திரை வந்ததும் அதில்தான். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சங்கிலியைத் தின்றுதான் பிழைத்தோம். என் சிவப்பாக இருந்திருந்தால் பாதி வழியில் தீர்ந்திருக்கும்.

"அது இங்க இருக்கட்டும்" என்று அக்கா சொன்னதன் அர்த்தம் எனக்குப் பதினாறு பதினேழு வயதில் புரிந்தது. அம்மா எதற்காக அடுப்பங்கரையில் அழுதாள் என்பதும் புரிந்தது. அக்காவிடம் நேராகக் கேட்கலாம் என்றால் வெட்கமாக இருந்தது. ஒரு முறை சுற்றி வளைத்துக் கேட்டதற்கு, "போடி, எனக்குச் செவப்பு நல்லாருந்துச்சு, எடுத்தேன்" என்றாள். அவள் கடைசிவரை அந்தச் சங்கிலியைத்தான் போட்டிருந்தாள். அவள் நிறத்துக்கு அது எடுப்பாகவும் இருந்தது. எல்லாம் புரிந்த பிறகும் அவள் கழுத்தைப் பார்க்கும்போது எனக்கு உள்ளே சின்னதாக ஒன்று சுருக்கென்று குத்தும். அதை ஏன் மறைக்க வேண்டும்.

அக்கா இறந்து ஒரு வருஷம் கழித்து என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. நகை எடுக்க ஜாலான் பெண்டஹாராத் தெருவில் ஒரு கடைக்குப் போனோம். அக்காவின் வீட்டுக்காரர், அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரப் பையன் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறத்தில் சங்கிலிகளைப் பரப்பி வைத்தான். ஒரே மாற்றுதான், கலக்கிற உலோகம்தான் வேறு, பிடித்த நிறத்தை எடுங்கள் என்றான். பத்தர் சொன்னதைத்தான் அவனும் சொன்னான், கொய்யா இலை இல்லாமல். என் கை தானாகச் சிவப்புக்குப் போனது.

அத்தான் சிரித்தார். "இன்னும் செவப்புதானா? ஆரத்தித் தண்ணியில ஊற வச்ச ஆளாச்சே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். "அக்கா சொம்புலேர்ந்து எடுத்துக் குடுத்தத சொன்னாளா?" என்று கேட்டேன்.

"சொம்புலேர்ந்தா?" அத்தான் என்னையே பார்த்தார். "ஒனக்குத் தெரியாதா? ஒங்கத்த தண்ணிய ஊத்துனப்ப சங்கிலியும் சேந்து ரோட்டுல விழுந்துச்சு. படியில நின்ன அவ கண்ணுல பட்டுடுச்சு. 'பாப்பா சங்கிலி'ன்னா. நான் கையப் புடிக்கறதுக்குள்ள எறங்கிட்டா. அவன் துப்பாக்கிக் கட்டைய வச்சுத் தட்டுனானே, அதுக்கு ஒரு முழம் தள்ளித்தான் அவ கால் இருந்துச்சு. காலுக்குக் கீழ சங்கிலி."

கடைக்காரப் பையன் மூன்று சங்கிலிகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கொக்கி உள்ளங்கால்ல ஏறிடுச்சு" என்றார் அத்தான். "அசஞ்சா தெரிஞ்சுடும்னு மேல மேல அழுத்தியிருக்கா. வண்டியிலதான் எனக்குக் காட்டுனா. புண்ணு ஆற மாசக்கணக்காச்சு. ஒன்கிட்டச் சொல்ல வேணாம்னா. பாப்பா பயந்துக்கும்னா."

அன்று அக்கா வண்டிக்குப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழுத கண்ணோடு அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முழுக்க ஊன்றாமல், தாங்கித் தாங்கி மெதுவாக நடந்தாள். ஓர் அடிக்கு ஒரு தரம் நின்று, தலையைக் குனிந்து, மறுபடி ஓர் அடி வைத்தாள். பெண்கள் எல்லோரும் அவளுக்கு வழிவிட்டு நின்றார்கள். புதுப்பெண் என்றால் இப்படித்தான் நடக்க வேண்டும் போலிருக்கிறது, இதை யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது, எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று எனக்கு வயிறு எரிந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அம்மாவின் பழைய புடவைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கோழிக்கூட்டிலிருந்து கிணறு வரை, கிணற்றிலிருந்து கோழிக்கூடு வரை, இடது காலை ஊன்றாமல், அக்காவைப் போலவே நொண்டி நொண்டி நடந்து பழகினேன்.